சட்டவிரோதக் கூட்டம் எது?

முதல் தகவல் அறிக்கைகளில் எங்களுக்கென்று ஒரு நிரந்தரப் பெயர் இருக்கிறது: 'மற்றும் பலர்'. முதலில் ஏழெட்டுப் பேரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர் வரும். அதற்குப் பிறகு 'மற்றும் பலர்'. அந்த இரண்டு சொல்லுக்குள் பின்னால் யாரை வேண்டுமானாலும் நுழைக்கலாம். ஆர்ப்பாட்டத்துக்கு வந்தவரையும் நுழைக்கலாம், வராதவரையும் நுழைக்கலாம். கல்லூரி இறுதியாண்டு படிக்கிற பையனை நுழைக்கலாம். காவலர் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பெண்ணையும் நுழைக்கலாம்.

காரைக்குடி ஐந்து விளக்கிலோ, தேவகோட்டையிலோ, சிவகங்கையிலோ ஒருமுறையாவது எங்களோடு வந்து நின்றவர்களுக்கு மிச்சக் கதையும் தெரியும். அனுமதி கேட்டு மனு கொடுப்போம். முந்தின நாள் சாயங்காலம் வரை பதில் வராது. வரும்போது 'சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளதால் அனுமதி மறுக்கப்படுகிறது' என்று வரும். போதாக்குறைக்குக் காவல் சட்டப் பிரிவு 30(2) அமலில் இருப்பதாகச் சொல்வார்கள். அது 1861-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். மறுநாள் பதாகையோடு போய் நின்றால் கைது. வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைப்பார்கள். மதியம் சாப்பாட்டுப் பொட்டலம். 'கைது செய்யப்பட்டவர்கள் மாலையில் விடுவிக்கப்பட்டனர்' என்று அடுத்த நாள் பேப்பரில் இரண்டு வரி. அதோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போவோம். மாதங்கள் கழித்துச் சம்மன் வரும். சட்டவிரோதமாகக் கூடியது, அரசு ஊழியரின் உத்தரவை மீறியது, வழிமறித்தது. பழைய கணக்கில் 143, 188, 341. புதிய பாரதிய நியாய சன்ஹிதா கணக்கில் 189(2), 223, 126(2). எண் மாறியதே ஒழிய, குற்றவாளிக் கூண்டில் நிற்கிற ஆள் மாறவில்லை.

எங்கள் கேள்வி எளிமையானது. இந்த மாவட்டத்தில் சட்டவிரோதமாகக் கூடுகிறவர்கள் யார்?

சட்டத்தையே கேட்போம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 141-ஆவது பிரிவு, இன்றைய சன்ஹிதாவில் 189(1), சட்டவிரோதக் கூட்டத்துக்கு இலக்கணம் சொல்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அவர்களுடைய பொது நோக்கம் சட்டம் அடுக்கும் ஐந்து நோக்கங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த ஐந்தில் நான்காவதைக் கவனியுங்கள்: வன்முறையாலோ, வன்முறை காட்டி மிரட்டியோ, ஒருவரின் பாதை உரிமையை, தண்ணீர் உரிமையை, அவர் அனுபவித்து வரும் வேறு உரிமையைப் பறிப்பது, தனக்கு இருப்பதாகத் தானே நினைத்துக்கொள்ளும் ஓர் உரிமையை அப்படி நிலைநாட்டுவது.

பாதை, தண்ணீர், இல்லாத உரிமையை இருப்பதாகச் சொல்லும் ஆணவம். இவை மூன்றும் எந்தக் கூட்டத்துக்குப் பொருந்தும்? கையில் பதாகையோடு, 'நீதிமன்ற உத்தரவை அமல்படுத்து' என்று கோஷம் போடும் கூட்டத்துக்கா? 'இந்தத் தெரு வழியாகப் பிணம் போகக் கூடாது, இந்தக் கண்மாயில் இறங்கக் கூடாது, இந்த வடத்தைத் தொடக் கூடாது' என்று ஊர்ப் பொட்டலில் கூடி முடிவெடுக்கும் கூட்டத்துக்கா?

இந்த மண்ணில் தடை உத்தரவு போடும் பழக்கம் கலெக்டர்களுக்கு முன்பே சாதிக்கு இருந்தது. 1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். இன்றைய சிவகங்கை, காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. தங்கமும் வெள்ளியும் அணியக் கூடாது, ஆண்கள் சட்டை போடக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது, செருப்பும் குடையும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் நாசமாக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931-ல் அந்தத் தடைகள் பதினொன்றாக நீண்டன. அவற்றில் ஒன்று, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது. இதையெல்லாம் எழுதி வைத்தது நாங்கள் அல்ல. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் என்ற வெள்ளை அதிகாரி பதிவு செய்தது. 141-ஆவது பிரிவு அன்றைக்கும் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1860-லிருந்தே இருந்தது.

இனி கண்டதேவிக்கு வருவோம். தேவகோட்டைக்குப் பக்கத்தில் சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில், ஆனித் தேரோட்டம். உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலை என்ற நான்கு நாட்டாருக்கே அங்கே முதன்மை. இதில் உஞ்சனை எங்கள் நினைவில் வேறொன்றுக்காகவும் நிற்கிற பெயர். 1979-ல் அங்கே தலித் மக்கள் 5 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1998-ல் கண்டதேவியில் நாங்களும் வடம் பிடிப்போம் என்ற கோரிக்கை வலுத்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. சாதி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் பங்கேற்கலாம் என்று உத்தரவும் வந்தது. அதற்கு மாவட்ட நிர்வாகம் கண்டுபிடித்த பதில், தேரையே நிறுத்துவது. சில ஆண்டுகள் தேர் ஓடவில்லை. பிறகு ஓடிய ஆண்டுகளில், காவல் வளையத்துக்குள் எண்ணி நிறுத்தப்பட்ட சில தலித்துகள் வடத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். 2006-க்குப் பிறகு திருப்பணி, குடமுழுக்கு, தேர்ப் பழுது என்று காரணங்கள் வரிசை கட்டின. தேர் மறுபடி ஓடியது 2024 ஜூன் 21 அன்று. அதுவும் உயர்நீதிமன்றம் அழுத்திய பிறகு, பெரும் போலீஸ் படையைக் குவித்த பிறகு.

ஏறத்தாழ 18 ஆண்டுகள். இத்தனை ஆண்டுகளும் சொல்லப்பட்ட ஒரே மந்திரம் 'சட்டம் ஒழுங்கு'. யாரால் சட்டம் ஒழுங்கு கெடும்? வடத்தைப் பிடிக்க வருகிறவனாலா, பிடித்தால் கையை வெட்டுவேன் என்கிறவனாலா? உரிமை எங்களுடையது, மிரட்டல் அவர்களுடையது, தடை உத்தரவு மட்டும் பொதுவானது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடக்கும். 'இரு தரப்பும்' என்று தாசில்தார் ஆரம்பிப்பார். அடித்தவனும் அடிபட்டவனும் இரு தரப்பு. இரண்டு பக்கமும் வழக்குப் போட்டு, பிணைப்பத்திரம் வாங்குவார்கள். இதற்குப் பெயர் நடுநிலை.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 1883-லேயே, சுந்தரம் செட்டி வழக்கில், தெருவில் ஊர்வலம் போகும் உரிமையைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தெளிவாகப் பேசிவிட்டது. சட்டப்படியான உரிமையைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுப்பதே நிர்வாகத்தின் முதல் கடமை. 1981-ல் குலாம் அப்பாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் இதையே 144 தடை உத்தரவுக்குப் பொருத்தியது. அந்த அதிகாரம் உரிமைகளைக் காப்பதற்கு, நசுக்குவதற்கு அல்ல. நடவடிக்கை தவறு செய்கிறவர்கள் மீது இருக்க வேண்டும், தவறுக்கு ஆளானவர்கள் மீது அல்ல. 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில், நியாயமான கருத்தை அடக்குவதற்கு 144-ஐப் பயன்படுத்தக் கூடாது, உத்தரவைக் காரணங்களோடு வெளியிட வேண்டும் என்றது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(b) கொடுத்தது. பொதுத்தெருவில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாமே தவிர ஒரேயடியாகத் தடுக்க முடியாது என்று 1972-லேயே ஹிம்மத்லால் ஷா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. இத்தனையும் இருக்கிற நாட்டில்தான், கேட்டுக்குள் நின்று மனு கொடுத்தால் 'மனுதாரர்' ஆகிற நாங்கள், கேட்டுக்கு வெளியே நின்று அதையே கேட்டால் 'எதிரி எண் 1' ஆகிறோம்.

உத்தரவை மீறிய குற்றத்தைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டும். எங்கள் மீதான வழக்குகளில் பாதிக்கு மேல் அதன் தலையில்தான் நிற்கின்றன. இந்தக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டுமென்றால், உத்தரவு போட்ட அரசு ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ நடுவரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்க வேண்டும். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 195, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 215. 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் மதுரைக் கிளையில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் இதை விரித்துச் சொன்னார். 172 முதல் 188 வரையிலான குற்றங்களுக்குப் போலீஸ் தானாக முதல் தகவல் அறிக்கை போட முடியாது. அந்தப் பிரிவுகளில் வரும் குற்றப்பத்திரிகையை நடுவர்கள் கோப்பில் எடுக்கக் கூடாது. 30(2) என்பது ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மட்டுமே. மக்களின் ஜனநாயக எதிர்ப்பை மொத்தமாக முடக்கும் அதிகாரம் அல்ல. உத்தரவை மக்களுக்குத் தெரியும்படி பகிரங்கமாக அறிவித்திருக்க வேண்டும்; ஆய்வாளர் காதோடு சொன்னது அறிவிப்பு ஆகாது.

தீர்ப்பு வந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அதன் பிறகும் வழக்குகள் போடப்படுவதும், அவற்றை ரத்து செய்யச் சொல்லி ஒவ்வொருவராக மதுரைக்கு பஸ் ஏறுவதும் நிற்கவில்லை. ரத்தாகிவிடும் என்று போட்டவர்களுக்கும் தெரியும். ரத்தாகிற வரை நாங்கள் படுகிற பாடுதான் அவர்களுக்கு வேண்டிய தண்டனை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். வராவிட்டால் பிடிவாரண்ட். தமிழ்நாடு காவலர் தேர்வு விதிகளில், 'சந்தேகத்தின் பலன்' என்று விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதும் ஷரத்து உண்டு. முதல் தலைமுறையாகப் படித்து வந்த ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு வழக்கு எண் போதும். 1931-ல் 'படிக்கக் கூடாது' என்றார்கள். இன்று படித்து முடித்த பிறகு தடுக்கிறார்கள்.

ஒன்றிய அரசின் புதிய சட்டம் இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. பழைய 188-ன் சாதாரண வகைக்கு ஒரு மாதச் சிறையும் 200 ரூபாய் அபராதமும்தான் உச்சம். 2024 ஜூலை 1 முதல் அமலான 223-ல் அது ஆறு மாதமும் 2500 ரூபாயும். 226 என்று புதிதாக ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். அரசு ஊழியரைக் கடமை செய்ய வைப்பதற்கோ தடுப்பதற்கோ தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை. சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பவர் மீது இதைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? காந்தியின் படத்தை மாட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்து இந்த வழக்கைத் தட்டச்சு செய்வார்கள்.

கூட்டுப் பொறுப்பு என்ற கத்தி இன்னும் கூர்மையானது. சட்டவிரோதக் கூட்டத்தில் ஒருவன் செய்த குற்றத்துக்கு மொத்தப் பேரும் பொறுப்பு என்பது பழைய 149, புதிய 190. ஆனால் வெறுமனே அங்கே நின்றது போதாது, பொது நோக்கத்தில் அவருக்குப் பங்கு இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. எங்கிருந்தோ ஒரு கல் வந்து விழுந்தால் போதும். கல்லை எறிந்தவன் யார் என்று தேட மாட்டார்கள். அங்கே நின்ற சாதி எது என்பது போதும்.

பரமக்குடியை மறக்கவா முடியும்? 2011 செப்டம்பர் 11. இமானுவேல் சேகரன் நினைவு நாள். ஜான் பாண்டியன் கைதைக் கண்டித்து ஐந்துமுனைச் சந்திப்பில் மறியல். போலீஸ் சுட்டதில் 6 பேர் உயிர் போனது. பிறகு நீதிபதி சம்பத் ஆணையம் துப்பாக்கிச்சூடு தவிர்க்க முடியாதது என்றது. கூட்டத்தில் யாரோ எறிந்த கல்லுக்குக் கூட்டம் முழுவதும் பொறுப்பு. துப்பாக்கியை இயக்கச் சொன்ன உத்தரவுக்கு மட்டும் பொறுப்பாளி கிடைக்கவில்லை. கூட்டுப் பொறுப்பு கீழ்நோக்கி மட்டும்தான் பாயுமா?

எதிர்வாதம் இரண்டு உண்டு. ஒன்று, மறியல் செய்தால் பொதுமக்களுக்கு இடையூறு என்பது. ஷாஹீன்பாக் வழக்கில் 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றமே பொதுவழியைக் காலவரையின்றி அடைக்கக் கூடாது என்றதே என்பார்கள். சரி. நாங்கள் கேட்பது காலவரையற்ற சாலை அல்ல. ஒரு மணி நேரம், ஓர் ஓரம், ஒரு ஒலிபெருக்கி. அதைக் கொடுத்து ஒழுங்குபடுத்துங்கள். கொடுக்காமல் மறுத்துவிட்டு, மறுத்ததை மீறியதாக வழக்குப் போடுவது ஒழுங்குபடுத்துவதாகாது. சாதிச் சங்க ஊர்வலத்துக்கும் கட்சித் தலைவர் வருகைக்கும் மணிக்கணக்கில் நிற்கிற அதே வண்டிகள், எங்களுக்காகப் பத்து நிமிடம் நிற்கும்போது மட்டும் 'பொதுமக்கள்' நினைவுக்கு வருகிறார்கள்.

இரண்டாவது வாதத்தை அண்ணலை வைத்தே சொல்வார்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், சத்தியாகிரகம், ஒத்துழையாமை போன்ற முறைகளைக் கைவிட வேண்டும் என்று அம்பேத்கர் சொன்னாரே? சொன்னார். அரசியலமைப்பு வழிகள் திறந்திருக்கும்போது, அதற்கு வெளியே போக நியாயமில்லை என்பது அவருடைய வாதம். அமைதியாகக் கூடுவது அரசியலமைப்புக்கு வெளியே இல்லை. அவரே தலைமையேற்று எழுதிய 19-ஆவது உறுப்பில் இருக்கிறது. அந்த வழியை அடைத்துவிட்டு, 'வழி திறந்திருக்கிறதே' என்று எங்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள். 1927 மார்ச் 20 அன்று மகாடில் அவர் மக்களோடு நடந்து போய்க் குளத்து நீரை அருந்தியபோது, அந்தக் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. காகிதத்தில் இருந்த உரிமையைக் காலால் நடந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. கண்டதேவியிலும் அதுதான் கதை.

அதே மார்ச் 20, 2018-ல் உச்சநீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கும் தீர்ப்பைத் தந்தது. ஏப்ரல் 2 அன்று வடநாடு முழுவதும் தலித் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். உயிர்கள் பறிபோயின. ஆயிரக்கணக்கானவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. அந்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்துச் சட்டத்தை மீட்டது. 2019 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. போராடியவர்கள் சொன்னது சரி என்று நாடாளுமன்றமும் நீதிமன்றமும் ஒப்புக்கொண்ட பிறகு, அதைச் சொன்னதற்காக மக்களைக் கோர்ட்டுக்கு அலையவிடுவதில் என்ன நியாயம்?

எங்கள் மாவட்டத்துக் கச்சநத்தத்துக்கும் இதே கணக்குதான். 2018 மே 28 இரவு வீடு புகுந்து வெட்டியதில் 3 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். மதுரை அரசு மருத்துவமனையில் உடல்களை வாங்க மறுத்து உறவினர்கள் உட்கார்ந்தார்கள். அந்தப் பிடிவாதம்தான் நாடு திரும்பிப் பார்க்க வைத்தது. 2022 ஆகஸ்டில் சிவகங்கை சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பிணத்தை வாங்க மறுப்பது யாருக்கும் விளையாட்டு அல்ல. வேறு எதையும் அரசு காதில் வாங்காதபோது ஒரு தாய் எடுக்கும் கடைசி முடிவு அது. ராஜஸ்தானில் 2023-ல் அதையும் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று யாராவது கிளம்பும் முன், கச்சநத்தத்தை நினைவூட்டுவது எங்கள் கடமை.

தேவகோட்டையில் தியாகிகள் பூங்கா இருக்கிறது. 1942 ஆகஸ்டில் இந்த ஊரில் மக்கள் நீதிமன்றத்தை எரித்தார்கள். திருவாடானைச் சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்கள். போலீஸ் சுட்டுப் பலர் செத்தார்கள். அவர்களைத் தியாகிகள் என்கிறோம், சரியாகவே சொல்கிறோம். நாங்கள் எந்த நீதிமன்றத்தையும் எரிக்கவில்லை. நீதிமன்றம் போட்ட உத்தரவை அமல்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம். அதற்கு எங்களுக்குக் கிடைத்த பட்டம் 'சட்டவிரோதக் கூட்டம்'.

எனவே கேட்கிறோம். அமைதியாகக் கூடியதற்காகத் தலித் மக்கள் மீது போட்ட வழக்குகளை அரசு திரும்பப் பெற வேண்டும். முடியாது என்று சொல்ல முடியாது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கும் வேளாண் சட்டங்களுக்கும் எதிராகப் போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021-ல் இதே தமிழ்நாடு அரசுதான் அறிவித்தது. எழுத்துமூலப் புகார் இல்லாத 223 வழக்குகளை நடுவர்கள் முதல் நாளே திருப்பி அனுப்ப வேண்டும். தடை உத்தரவுகளைக் காரணத்தோடு பகிரங்கமாக வெளியிட வேண்டும். அனுமதி மறுப்பதாக இருந்தால், நீதிமன்றம் போக அவகாசம் இருக்கும்படி முன்கூட்டியே மறுக்க வேண்டும். ஊர்வலத்திலோ கோயில் விழாவிலோ எங்களைத் தடுக்கிறவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(za)-வும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அதிகாரி மீது அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவும், பொய் வழக்குப் போடுகிறவர்கள் மீது 3(1)(p)-யும் பாய வேண்டும்.

தோழர்களுக்கு ஒன்று. அனுமதி மனுவின் நகலில் ரசீது முத்திரை வாங்கி வையுங்கள். மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். கூட்டத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை வீடியோ எடுங்கள். சம்மன் வந்தால் பயந்து அபராதம் கட்டிவிட்டு வராதீர்கள். 200 ரூபாய் கட்டினாலும் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் பதிவாகும். புகார் எங்கே, உத்தரவு எங்கே, அறிவிப்பு எங்கே என்று கேளுங்கள். வழக்கு காலவரம்பைத் தாண்டியதா என்று பாருங்கள். ஓராண்டுக்குள் அடங்கும் தண்டனை என்றால், நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க ஓராண்டுதான் கெடு.

அடுத்த முறை முதல் தகவல் அறிக்கை எழுதும்போது 'மற்றும் பலர்' என்று எழுத வேண்டாம். எங்களுக்குப் பெயர் இருக்கிறது. கேட்டால் நாங்களே சொல்வோம், தகப்பனார் பெயரோடு. ஊர்ப் பொட்டலில் கூடித் தடை போடுகிறவர்களின் பெயரையும் அதே பேனாவால், அதே 189-ஆவது பிரிவின் கீழ் எழுதுங்கள்.

ஜெய்பீம்.